வெள்ளைன்னா எந்த வெள்ளை, அண்ணாச்சி?

செங்கோட்டையில் 31 வருஷமாகப் பெயிண்ட் வேலை பார்க்கும் அண்ணாச்சி, வீட்டுச் சுவர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'ஆஃப் ஒயிட்' பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தப் பஞ்சாயத்துதான்.

புதுவீட்டு ஹாலுக்கு ஆஃப் ஒயிட் அடித்தோம். கடையில் பார்த்தபோது பாலில் சந்தனம் கலந்த மாதிரி அவ்வளவு அழகு. சுவரில் ஏறிய பிறகு காலையில் பரவாயில்லை, மத்தியானம் ஆனால் ஆறிப்போன கஞ்சி மாதிரிப் பச்சையடிக்கிறது. ஜன்னல் இரண்டும் வயலைப் பார்த்து இருக்கின்றன, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பெயிண்டர் கடைக்காரரைச் சொல்கிறார், கடைக்காரர் பெயிண்டரைச் சொல்கிறார். நான் யாரோடு சண்டை போட?
– ஒரு வாசகி, புளியரை

வயலோடு போடுங்கள் தங்கச்சி. நட்டு ஒரு மாதம் ஆன நெல்லின் மேல் மத்தியான வெயில் அடித்தால் அந்தப் பச்சை சும்மா கிடக்காது. எழும்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்து சுவரிலும் மச்சிலும் உட்கார்ந்துகொள்ளும். சுவர் அடர்ந்த நிறமாக இருந்தால் நமக்கு அது தெரியாது. வெள்ளைச் சுவர் வாங்கினதை எல்லாம் திருப்பிக் காட்டிவிடும்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. நன்றாகத் துவைத்த வெள்ளை வேட்டியை மத்தியானம் 12 மணிக்கு அந்தச் சுவரில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். வேட்டியும் பச்சையடித்தால் வயல் செய்த வேலை. வேட்டி வெள்ளையாக இருந்து சுவர் மட்டும் பச்சையடித்தால் பெயிண்டிலேயே அது இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் கணக்கு. ஏனென்றால், கடை மிஷினில் வெள்ளை பேஸில் மஞ்சள் சாயம் சொட்டவிட்டு, அது பளிச்சென்று தெரியாமல் அடங்குவதற்காகத் துளி கறுப்பும் விடுவார்கள். மஞ்சளும் கறுப்பும் கூடினால் பச்சைதான் பிறக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் குழைத்த மஞ்சளில் கண்மையைத் தொட்டுக் கலந்து பாருங்கள்.

இப்போது அடித்ததைச் சுரண்ட வேண்டாம். அடுத்த முறை அடிக்கும்போது கறுப்புக்குப் பதில் துளி சிவப்பு ஆக்ஸைடு விழுந்த ஷேடாகக் கேளுங்கள். பச்சையைச் சிவப்புதான் அடக்கும். அதுவரைக்கும் ஜன்னலுக்கு நீலம் போடாத கோராத் துணியில் மெல்லிய திரை தைத்துப் போடுங்கள், பாதி பச்சையை அதுவே வடிகட்டிவிடும். அறுப்பு முடிந்து வயல் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அதே சுவரைப் பாருங்கள். கடையில் நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட சந்தனப் பால் அன்றைக்கு வரும்.

ஷேடு கார்டில் வெள்ளை மட்டும் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது. எதைத்தான் எடுப்பது?
– ஒரு வாசகர், ஆரியங்காவு

ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். பக்கத்தில் எதையாவது வைத்தால்தான் வெள்ளை வாயைத் திறக்கும். நான் வேலை பேசப் போகும் வீட்டில் முதலில் அடுக்களைக்குத்தான் போவேன். மூன்று அரிசியிலும் ஒவ்வொரு பிடி வாங்கி ஒரு தட்டில் பக்கத்துப் பக்கத்தில் கொட்டுவேன்.

பச்சரிசி நீலம் தட்டிய குளிர்ந்த வெள்ளை. புழுங்கல் மஞ்சள் ஓடிய வெள்ளை. உங்கள் கேரளப் பக்கத்து மட்ட அரிசி, தவிடு பாதி போனது, ரோஸ் ஓடியது. "இதில் எது உங்கள் சுவர்?" என்று கேட்டால் வீட்டம்மாக்கள் ஒரு நொடியில் விரலை வைத்துவிடுவார்கள். ஷேடு கார்டை நீட்டினால் அரைநாள் போகும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 'வார்ம்' என்று கேட்பது புழுங்கலரிசிதான். புழுங்கலுக்கும் மட்டைக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. என் சொந்த ருசி அது. சிவப்பு ஆக்ஸைடுத் தரை போட்ட பழைய வீட்டில் அதை அடிக்கக் கூடாது, தரையின் சிவப்பும் சேர்ந்து சுவர் வெட்கப்பட்ட மாதிரி ஆகிவிடும். அங்கே புழுங்கல்தான் சரி.

அரிசி முடிவானதும் கார்டுக்கு வாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் கட்டைவிரல் அளவு ஓட்டை போட்டு ஒவ்வொரு ஷேடின் மேலும் வைத்து நகர்த்துங்கள். இது மஞ்சள், இது ரோஸ், இது பச்சை, இது சாம்பல் என்று தானாகப் பிரிந்துவிடும். உங்களிடம் பாலராமபுரம் கைத்தறி செட்டு முண்டு இருந்தால் அதைவிட நல்ல ஷேடு கார்டு கிடையாது. சலவை காணாத பருத்தி நூலின் நிறம் அது. ஓணத்துக்கு எல்லாரும் அதைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது எந்தச் சுவருக்கு முன்னால் அது அழுக்காகத் தெரியவில்லையோ, அந்தச் சுவரின் வெள்ளையைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மூன்று ஷேடாக ஒதுக்கிய பிறகு சுவரில் அங்கங்கே கோடு போட்டுப் பார்க்காதீர்கள். பழைய நிறம் சுற்றிலும் இருந்து கண்ணைக் கெடுக்கும். இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் ஒரு விரற்கடை வெள்ளை விட்டு, காலை, மத்தியானம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். கண்டிப்பாக மூலையிலும் ஒருதடவை வையுங்கள். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கி மற்றொன்றில் அடிக்கும் என்பதால், அட்டையில் பார்த்ததைவிட அறையில் ஒரு படி கூடுதலாகத்தான் வரும். அட்டையில் 'போதும்' என்று தோன்றினால் அதற்கு முந்தைய படியை எடுங்கள்.

மச்சுக்குப் பளீர் வெள்ளை அடிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கீழே புழுங்கல், மேலே பச்சரிசி என்றால் கீழே உள்ளது அழுக்குப் பிடித்த மாதிரித் தெரியும். அதே ஷேடில் பாதி சாயம் விட்டுத் தரச் சொன்னால் கடையில் மிஷினில் கலந்து தருவார்கள்.

வடக்குப் பார்த்த அறைக்கு நீல வெளிச்சம் வரும், அதனால் மஞ்சள் கூடின வெள்ளைதான் அடிக்கணும் என்று மகன் போனில் பார்த்துச் சொல்கிறான். சரிதானா?
– ஒரு வாசகர், பண்பொழி

தம்பி படித்தது குளிர் நாட்டுக்காரன் எழுதினது. அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும், வடக்கு ஜன்னலுக்கு வெறும் ஆகாய வெளிச்சம்தான். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, பிறகு வடக்கே போய், ஆவணி நடுவில்தான் திரும்புகிறது. அந்த நாலரை மாதமும் வடக்கு ஜன்னலுக்குத்தான் வெயில் உரிமை. ஐப்பசியிலிருந்து மாசி வரை தெற்கு ஜன்னல் வாங்கிக்கொள்ளும்.

அதிலும் நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம். வடக்கே வெயில் வரவேண்டிய ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடிக்கொள்ளும். சாரல் வெளிச்சம் சாம்பல் நிறம். ஆக, உங்கள் வடக்கறை சித்திரை வைகாசியில் மஞ்சள், சாரல் சீசனில் சாம்பல், அப்புறம் நீலம். மகன் சொன்ன முடிவு தப்பில்லை, சொன்ன காரணம்தான் நம் ஊருக்குப் பொருந்தாது. மஞ்சள் சாயல் லேசாக இருக்கட்டும். கூட்டினால் சித்திரையில் மாம்பழத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை. அறையில் எந்த விளக்கு? எங்கள் வீட்டு ஹாலுக்கு நானே பார்த்துப் பார்த்து புழுங்கல் வெள்ளை அடித்தேன். சாயங்காலம் டியூப் லைட்டைப் போட்டதும் வீட்டுக்காரி சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு, யாருக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டாள். பெட்டியை எடுத்துப் பார்த்தால் 6500 கெல்வின். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண் அது, கூடக் கூட நீலம், குறையக் குறைய மஞ்சள். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே கையில் கொடுப்பது அதுதான். நீலம் தட்டிய வெளிச்சம், மஞ்சள் சாயலைக் கொன்றுவிடும். 4000 வாங்கி மாட்டிய பிறகுதான் நான் அடித்த நிறம் எனக்கே தெரிந்தது. 2700, 3000 என்று இன்னும் மஞ்சளாகவும் உண்டு, படுக்கையறைக்கு நன்றாக இருக்கும். பிள்ளைகள் படிக்கிற இடத்தில் தூக்கம் வருகிறது என்பார்கள். பெயிண்டை மாற்றும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள்.

எமல்ஷன் அடித்த சுவரின் மேல் சுண்ணாம்பு அடிக்கலாமா?
– ஒரு வாசகர், வடகரை

ஒட்டாது.

சுவரும் கதவும் ஒரே வெள்ளையில் அடித்தோம். 3 வருஷத்தில் கதவு மட்டும் மஞ்சளாகிவிட்டது. அதிலும் பீரோவுக்குப் பின்னால் மறைந்திருந்த பாதிக்கதவுதான் கூடுதல் மஞ்சள். வெயிலே படாத இடம் எப்படி மஞ்சளாகும்?
– ஒரு வாசகி, புனலூர்

வெயில் படாததால்தான் ஆயிற்று. சுவரில் அடித்தது தண்ணீரில் கரைகிற எமல்ஷன். கதவில் அடித்தது டர்பென்டைன் ஊற்றுகிற எண்ணெய் எனாமல். எண்ணெய் எனாமலுக்கு இருட்டு ஆகாது, இருட்டில் பழுக்கும். வெளிச்சம் படும் இடத்தில் அந்த மஞ்சள் கொஞ்சம் வெளுத்துக்கொண்டே இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. பீரோவை நகர்த்திவிட்டுக் கதவை ஒரு மாதம் வெளிச்சத்தில் விடுங்கள், ஓரளவு திரும்பி வரும்.

அடுத்த முறை கதவுக்குத் தண்ணீர் எனாமல் கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் பழுக்காது. பழைய எனாமலின் மேல் நேராக அடித்தால் உரியும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை எடுத்து, பிரைமர் ஒரு கை கொடுக்க வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவில் என்ன இருக்கிறதோ, அந்தத் தூள் பிள்ளைகள் தவழும் தரையில் விழ வேண்டாம்.

மேக்கரையில் வீடு. சீசனில் உள்சுவர் கீழே இரண்டடிக்கு உப்புப் பூத்துப் பொரிகிறது, மேலே மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். ஆஃப் ஒயிட் அடித்தால் கறை தெரியாமல் இருக்கும் என்கிறார்கள்.
– ஒரு வாசகர்

வெள்ளையில் தெரியாத கறை வேறு எதில்தான் தெரியப்போகிறது? கீழே உள்ளதும் மேலே உள்ளதும் வேறு வேறு வியாதி. கீழே, மண்ணிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறி, உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, வெளியே காய்ந்ததும் உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. எத்தனை பெயிண்ட் அடித்தாலும் தள்ளிவிடும். வெளியே சுவரடியில் மண்ணும் தண்ணீரும் நிற்காமல் வழி செய்யுங்கள். பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு, நீர்புகாக் கலவையில் புதிதாகப் பூசுங்கள். பூசிய சுவரைக் குறைந்தது 28 நாள் காயவிடுங்கள். நம் பக்கத்தில் சீசனில் பூசினால் நான் 28-ஐ 45 ஆக்கிக்கொள்வேன். அவசரப்பட்டால் சிமென்ட்டின் காரம் பெயிண்டைத் தின்னும், வெள்ளை திட்டுத் திட்டாக மஞ்சளாகும்.

மேலே உள்ள பூஞ்சணத்துக்குப் பிளீச்சிங் கரைசல் தொட்டு, பத்து நிமிஷம் விட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். அந்தக் கரைசலோடு கழிப்பறை ஆசிடை மட்டும் கலந்துவிடாதீர்கள், எழும்பும் புகை நெஞ்சைப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐப்பசி மழையும் போன பிறகு, தை மாசியில் பெயிண்ட் அடியுங்கள். அதற்குள் எந்த ஷேடு என்று அரிசியை வைத்து யோசிக்க நிறைய நாள் இருக்கிறது.

இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். எத்தனை லிட்டர் வாங்குவது? விலை குறைந்ததை வாங்கி ஒரு கோட் கூட அடித்தால் என்ன?
– ஒரு வாசகர், கோட்டைவாசல்

நீளம், உயரம் அளந்து சுவரின் சதுர அடியைக் கூட்டுங்கள், கதவு ஜன்னலைக் கழியுங்கள். நல்ல எமல்ஷன், பட்டி பார்த்துப் பிரைமர் கொடுத்த சுவரில், இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 130 சதுர அடி போகும். ஆயிரம் சதுர அடிக்கு 10 லிட்டர் வாளி ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

விலை விஷயம் சொல்கிறேன். வெள்ளைக்கு வெண்மையையும் மறைக்கிற சக்தியையும் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு. இங்கிருந்து கொல்லத்துக்கு ரயில் ஏறிப் போனால், கொல்லத்துக்கு வடக்கே சவரா கடற்கரையில் கருமணல் கிடக்கும். அந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் இந்த வெள்ளையை எடுக்கிறார்கள், அங்கேயே ஆலை இருக்கிறது. பொருள் விலை அதிகம். மலிவு டப்பாவில் அதைக் குறைத்துச் சுண்ணாம்புக்கல் மாவைக் கூட்டியிருப்பார்கள். அடர்ந்த நிறத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. வெள்ளையில் நாலு கோட் அடித்தாலும் பழைய சுவர் எட்டிப் பார்க்கும். கூலியைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு எங்கே?

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பேட்ச் நம்பரில் வாங்குங்கள். 2004-இல் என்று ஞாபகம், ஒரு கல்யாண வீடு, முகூர்த்தத்துக்கு நாலு நாள். ஹாலில் பெரிய சுவரின் பாதியில் வாளி தீர்ந்துவிட்டது. அதே நம்பர்தானே என்று வேறு கடையில் போய் இன்னொரு வாளி வாங்கிவந்து ராத்திரியோடு முடித்துவிட்டேன். விடிந்து பார்த்தால் சுவரின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. இந்தப் பக்கம் புழுங்கல், அந்தப் பக்கம் மட்டை. பெண்ணின் அப்பா காபி டம்ளரோடு வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடித்து முடிக்கிறவரை சுவரையே பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். மறுபடி முழுச் சுவரும் என் கைக்காசில் அடித்தேன்.

அன்றிலிருந்து எத்தனை வாளி வந்தாலும் எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் கொட்டிக் கலக்கித்தான் தொடங்குகிறேன். அரை லிட்டர் மிச்சம் பிடித்து, மூடியில் தேதியும் நம்பரும் எழுதி வைத்துவிட்டும் வருகிறேன். ஆணி அடித்த ஓட்டையை அடைக்க உதவும்.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு, செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்து வீடு. சுவரெல்லாம் சுண்ணாம்பு. நாங்கள் குடிவரப் போகிறோம். புதுசாக ஆஃப் ஒயிட் எமல்ஷன் அடிக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. என்ன ஷேடு நன்றாக இருக்கும்?
– ஒரு வாசகி, செங்கோட்டை

1956-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேருவதற்கு முந்தைய வீடு என்றால் சுவருக்குள்ளும் சுண்ணாம்புச் சாந்துதான் இருக்கும். அந்தச் சுவர் மூச்சு விடும் சுவர். மழையில் ஈரம் வாங்கும், வெயிலில் விடும். மேலே எமல்ஷன் என்ற ரப்பர் சட்டையை மாட்டினால் ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு சீசனில் அப்பளம் அப்பளமாக எழும்பும். அடுக்கடுக்காக இருக்கும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அடித்தால் அதோடு சேர்ந்தே உதிரும். உங்கள் மனசு சொன்னதுதான் சரி. வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

என் அப்பா வெள்ளையடிக்கிறவர். பொங்கலுக்கு முந்தின ஒரு மாதம் வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. வேலைக்குக் கிளம்பும் முன் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார், அப்படியும் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். எல்லா வீட்டுக்கும் கடைசியில் ஒரு சிட்டிகை நீலம் போடுவார். சுண்ணாம்பின் லேசான மஞ்சளை நீலம் அடித்துப் பளீரென்று காட்டும், அன்றைக்கு அதுதான் புதுசு. எங்கள் வீட்டுக்கு மட்டும் போட மாட்டார். நீலத்துக்குக் காசு என்பார். இன்றைக்கு ஷேடு கார்டில் விரலை வைத்து நீங்கள் எல்லாரும் கேட்கிறது, காசில்லாத எங்கள் வீட்டுச் சுவரைத்தான்.

செய்முறை எழுதுகிறேன். நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குக் கரையுங்கள். வீட்டிலேயே கல் சுண்ணாம்பு நீற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது, பிள்ளைகளை விரட்டிவிடுங்கள். மஞ்சள் ஆக்ஸைடுப் பொடியை முந்தின நாளே தனியாகத் தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டியில்லாமல் கலக்கி, அந்தக் கரைசலைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். இரும்புத்துருவின் இனம் அது, வெயிலுக்கும் காரத்துக்கும் வெளிறாது. ஈரத்தில் அடர்ந்து தெரியும், காய்ந்தால் பாதிக்குப் பாதி வெளுக்கும். அதனால் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு செங்கல்லில் தடவி, காயவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, மெல்லியதாக மூன்று கை. முதல் கை அடித்ததும் ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும். பயந்து கெட்டியாக அடித்துவிடாதீர்கள், காய்ந்ததும் தூளாகக் கையில் ஒட்டும். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது, அதற்கு நேரம் வேண்டும்.

கையால் அடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் எழுதுங்கள். என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள், பொங்கலுக்கு முன்னால் மட்டும் கேட்காதீர்கள்.